ராணி சமாதிக்கு வைத்த பூ

படப்பையில் ஒரகடம் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறினேன். எதிரில் ஒரே கம்பெனி சீருடையில் இரண்டு பெண்கள். நான் ஒட்டுக்கேட்கவில்லை, பெரியவள் சத்தமாகத்தான் சொன்னாள்.

"நேத்து லீவு போட்டுட்டுப் போயி, சாவாதவளுக்குப் பூ வெச்சிட்டு வந்தேன்டி."

"யாருக்குக்கா?" என்றாள் சின்னவள்.

"அந்த மாயாஜாலப் படத்து ராணிக்கு. செட்டைப் பிரிக்காம டிக்கெட் போட்டுக் காட்டுறாங்க இல்ல?"

"சின்ன வயசுலேர்ந்து உனுக்கு அந்தப் பைத்தியம். எப்பிடிக் கீது?"

"அரண்மனை மொத்தமும் பிளைவுட்டு. தட்டுனா டொக்குங்குது. ஆனா ராணி சமாதில வர்றவங்க அத்தினி பேரும் பூ வெக்கிறாங்க. நானும் வெச்சேன். அழுகை நிக்கல."

"அந்த நடிகை உசுரோடதானக்கா கீது?"

"எங்கம்மாவ நெனச்சி அழுதேன்டி. அதைப் பொதைச்ச எடம் இப்போ ஒரு கம்பெனி காம்பவுண்டுக்குள்ள மாட்டிக்கிச்சி. திதி அன்னிக்குப் பூ எடுத்துக்கினு போனேன். கேட்டுல செக்யூரிட்டி, உள்ள யாரைப் பாக்கணும்னான்."

"நீ இன்னா சொன்னே?"

"எங்கம்மாவன்னேன். போன் போட்டு வெளிய வரச் சொல்லுன்னான்."