பதினோராம் நம்பரின் கணுக்கால்

அன்றைக்கு நாங்கள் தோற்றதற்குக் காற்றைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. காற்று இரண்டு அணிக்கும் ஒன்றுதான் அடித்தது. எங்கள் ஊர் ஃபுட்பாலில் பந்தைக் கையாலும் பிடிக்கலாம்; ஆட்டத்தில் நாலு பாகம். ஒரு பாகம் முடிந்ததும் இரண்டு அணியும் முனை மாறிக்கொள்ளும். முதல் பாகத்தில் காற்று முதுகில் அடித்தால் அடுத்ததில் முகத்தில் அடிக்கும். பால் குடிக்கிற பிள்ளைக்கும் இது தெரியும். ஆனாலும் ரேடியோக்காரன் காற்று காற்று என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பேசினான். வாயை மூடினால் அவனுக்கு வேலை போய்விடும்.

அந்தப் பதிவுப் பெட்டி ஓடட்டும், ஆபீசர் அம்மா. நான் நிதானமாகவே சொல்கிறேன். சனிக்கிழமை வரை எனக்கு எங்கும் போகவேண்டியதில்லை.

என் பெயர் மெர்வின் ஹார்ட்னெட். போர்ட் ஹால்டன் கிளப்பில் போய் அந்தப் பெயரைச் சொன்னால் யாரது என்பார்கள். டேப் என்று கேளுங்கள், காட்டுவார்கள். பையன்களின் கணுக்காலுக்கு டேப் சுற்றுகிறவன். தொடையைத் தேய்த்துவிடுகிறவன். ஆட்டத்தின் நடுவில் எவனாவது விழுந்தால் தண்ணீர்ப் பாட்டிலோடு முதலில் ஓடுகிறவன். டாக்டர் எல்லைக் கோட்டைத் தாண்டி வருவதற்குள் நான் போய்ச் சேர்ந்திருப்பேன். அதுதான் என் வேலை. அதில் யாரும் என்னைக் குறை சொன்னதில்லை.

ஏன் தோற்றோம் என்று கேட்டீர்கள். ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறார்கள். கிளப் பாரில் பியர் குடிக்கிற உறுப்பினர்களைக் கேட்டால் கேப்டன் சோம்பேறி என்பார்கள். ஜெயித்த வாரத்தில் அதே கேப்டனைத் தோளில் தூக்கியவர்கள் அவர்கள். கோச் ஹல்லோரனிடம் கேட்டால் திரையில் சிவப்புப் புள்ளியும் நீலப் புள்ளியுமாக ஓட விடுவார். எனக்கு அந்தப் புள்ளிகள் புரிவதில்லை, நம்பிக்கையும் இல்லை. ஒருவன் எவ்வளவு தூரம் ஓடினான் என்று புள்ளி சொல்லும். எதற்கு ஓடினான் என்று சொல்லாது.

என்னைக் கேட்டால், பையன்கள் களைத்துப் போயிருந்தார்கள். வியாழக்கிழமை அவ்வளவு கடுமையாகப் பயிற்சி கொடுத்திருக்கக் கூடாது. பாதி ஆட்டம் வரை நாங்கள்தான் முன்னால் இருந்தோம். பிறகு பின்வரிசை பந்தைப் பார்த்துக்கொண்டு நின்றது, ஆளைப் பார்க்கவில்லை. எதிரி நெருங்கி வந்துவிட்டான். எங்கள் ஆட்டத்தில் ஒரு கோலுக்கு ஆறு பாயிண்ட்; கடைசியில் அதற்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றோம். அந்த ஒரு கோலைப் பற்றித்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். வருகிறேன்.

பதினோராம் நம்பர் கோரி ட்ரெஸைஸ். மூன்டா பக்கத்தில் பார்லி விளைகிற பண்ணையிலிருந்து வந்த பையன். நடுக் களத்தில் கூட்டத்துக்குள் கையை விட்டுப் பந்தை எடுக்கத் தெரிந்தவன் எங்களிடம் அவன் ஒருத்தன்தான். சொன்னதைக் கேட்பான். குதிகாலை நீட்டு என்றால் நீட்டுவான், திரும்பு என்றால் திரும்புவான். அவன் அம்மா மார்லீன் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் காரை ஓட்டிக்கொண்டு வருவாள். இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்த பேஸ்ட்டி செய்து துணியில் சுற்றிக்கொண்டு வருவாள். எனக்கும் ஒன்று உண்டு. நன்றாயிருக்கிறது என்று சொல்வேன். இளவயதில் நானும் ஆடியவன், தலையில் அடிபட்டு விழுந்தவன். அன்றைக்கே எழுந்து வந்து ஆடினேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நாக்கில் ருசி மட்டும் போயிற்று. ஆகவே பேஸ்ட்டி எப்படி இருந்தது என்று எனக்கு நிஜமாகத் தெரியாது.

மூன்றாம் பாகத்தில் பந்து எதிர்ப் பக்கம் இருந்தது. கேமராக்களும் அங்கேதான் இருந்தன. இந்தப் பக்கம் ஒருத்தனுடைய தோள் கோரியின் தாடையில் இடித்தது. பின்மண்டை தரையில் பட விழுந்தான். நான் போய்ச் சேர்ந்தபோது கண் திறந்திருந்தது. ஆனால் என்னைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பார்த்தது.

"கோரி, இது எத்தனாவது பாகம்டா?" என்று கேட்டேன்.

"முதல் பாகம், டேப். இப்பத்தானே ஆரம்பிச்சோம்."

காதில் மாட்டியிருந்த ரேடியோவில் டாக்டர் நோரா பெட்ரிடிஸ் கூப்பிட்டார். "டேப், என்ன ஆச்சு அவனுக்கு?"

"கணுக்கால்" என்று சொன்னேன்.

யோசித்துச் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். யோசிக்காமல் சொன்னேன் என்றும் எழுதாதீர்கள். தலை என்று சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். உள்ளே கூட்டிப்போய் ஒரு அறையில் உட்கார வைப்பார்கள், கேள்வி கேட்பார்கள். தேறவில்லை என்றால் பன்னிரண்டு நாள் களத்தில் கால் வைக்கக் கூடாது. லீக் அட்டவணையில் மேலே இருந்ததால், இந்த ஆட்டத்தில் தோற்றாலும் கோப்பைக்கு எங்களுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு, அடுத்த சனிக்கிழமையே. பன்னிரண்டு நாள் என்றால் அதுவும் போச்சு. எங்கள் கிளப் கோப்பையைத் தூக்கிப் பார்த்த ஆட்கள் முக்கால்வாசிப் பேர் மண்ணுக்குள் இருக்கிறார்கள். நான் ஒரு முறை பார்த்துவிட்டுப் போக ஆசைப்பட்டேன். இதில் தப்பு என்ன இருக்கிறது?

பெஞ்சுக்கு அழைத்து வந்தேன். இடது பூட்ஸைக் கழற்றி, நல்ல காலுக்கு டேப் சுற்றினேன். ஒழுங்காகத்தான் சுற்றினேன், குதிகாலைப் பூட்டி, எட்டுப் போட்டு. டாக்டர் வந்து குனிந்து அமுக்கிப் பார்த்தார். "வலிக்குதா?" என்று கேட்டார். கோரி என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன்.

"வலிக்குது டாக்டர்" என்றான்.

சொன்னதைக் கேட்கிற பையன் என்று சொன்னேன் அல்லவா.

திரும்ப இறக்கினார்கள். மூன்றாம் பாகத்தில் அவன் ஆட்டத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. முதல் பாகத்தில் எந்த முனைக்கு அடித்தோமோ அதே ரயில்வே முனைக்குத்தான் மூன்றாம் பாகத்திலும் அடிப்போம். அவன் மண்டைக்குள் முதல் பாகம் ஓடிக்கொண்டிருந்தாலும் கால் சரியான பக்கமே போயிற்று. பார்த்தாயா, ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நாலாம் பாகத்தில் முனை மாறினோம். ஆட்டம் முடிகிற சைரன் அடிக்கப் போகிற நேரம், நாங்கள் கொஞ்சம் முன்னால். கூட்டத்துக்குள்ளிருந்து கோரி பந்தோடு வெளியே வந்தான். முன்னால் ஒருவரும் இல்லை. திரும்பி, ரயில்வே முனையைப் பார்த்து ஓங்கி உதைத்தான். அன்றைக்கு இரண்டு அணியிலும் எவனும் அடித்திராத அழகான உதை. அந்தப் பாகத்தில் எதிரி கோல் அடிக்க வேண்டிய முனைக்கு. எதிரியின் ஆள் நின்ற இடத்திலேயே பிடித்தான், கோல் அடித்தான். கோரி இரண்டு கையையும் தூக்கிக் கொண்டாடினான். யாரும் கட்டிப்பிடிக்க வராததைப் பார்த்துக் கையை இறக்கினான்.

உடை மாற்றும் அறையில் வாந்தி எடுத்தான். தோற்ற வருத்தம் என்று நான்தான் எல்லோரிடமும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மார்லீன் போன் பண்ணினாள். "டேப், புள்ள ஒண்ணும் சாப்பிட மாட்டேங்கிறான். ஜன்னல் திரையை இழுத்து விட்டுட்டுப் படுத்தே கெடக்கான்" என்றாள். விடும்மா, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றேன். அவள் நன்றி சொன்னாள்.

திங்கட்கிழமை தோல்வியை அலசுகிற கூட்டம். ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் நடப்பதுதான். அறையை இருட்டாக்கி, கோச் அந்த உதையைத் திரையில் திரும்பத் திரும்பப் போட்டார். நான் பின்னால் சுவரோரம் நின்றேன். கோரி கண்ணுக்கு மேல் கையை வைத்து வெளிச்சத்தை மறைத்துக்கொண்டிருந்தான்.

"டேய், அடுத்த வாட்டி முதுகுல மேப் வரைஞ்சு விடட்டுமா?" என்றான் பின்வரிசைக்காரன் ஓவன் ஃபாலன்.

"அவன் முதுகு அவனுக்கு எப்படிடா தெரியும்? உன் முதுகுல வரை, பின்னாடியே வரட்டும்" என்றான் இன்னொருத்தன். எல்லோரும் சிரித்தார்கள். கோரியும் சிரித்தான்.

கோச் சிரிக்கவில்லை. "அப்ப மனசுல என்னதான் நெனச்ச? சொல்லு, தெரிஞ்சுக்கிறேன்" என்றார்.

"தெரியல கோச். மன்னிச்சிருங்க."

அங்கே அதற்கு விடை தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். அத்தனை புள்ளி, அத்தனை திரை, அத்தனை படித்தவர்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கூட்டம் அத்தோடு முடிந்திருக்கும். நான் சொல்லவில்லை. சொன்னால் சனிக்கிழமை அவன் இல்லை.

டாக்டர் பெட்ரிடிஸ் முட்டாள் இல்லை. நான் அவரை அப்படி நினைத்திருந்தேன், அது என் தப்பு. கூட்டம் முடிந்ததும் என்னை நடைவழியில் நிறுத்தினார். "டேப், எனக்கு நெசத்தைச் சொல்லு. அது காலா, தலையா?" என்று கேட்டார்.

"கணுக்கால்தான் டாக்டர். நான் பக்கத்துலயே இருந்தேன்ல."

ஆனாலும் அவர் கோரியைக் கூட்டிப்போய்ச் சோதித்தார். சில வார்த்தைகளைப் படித்துக் காட்டித் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள், மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்வார்கள். கோடையில், சீசன் தொடங்குமுன், நல்ல தலையோடு இருக்கும்போதே எல்லோருக்கும் இதே சோதனை ஒரு முறை நடக்கும். அடிபட்ட பிறகு எடுப்பதை அதோடுதான் ஒப்பிடுவார்கள். அதனால் கோடைச் சோதனைக்கு முதல்நாள் தூங்காமல் வாருங்கள், பாதியை மறந்தமாதிரி நடியுங்கள் என்று என் மேசையில் படுக்கிற ஒவ்வொருத்தனுக்கும் நான் சொல்லி வைத்திருக்கிறேன். வருஷா வருஷம் சொல்வேன். கோரி கோடையில் வாங்கிய மார்க்கும் மோசம், திங்கட்கிழமை வாங்கியதும் மோசம். வித்தியாசமில்லை என்று காகிதம் சொன்னது. டாக்டர் என்னையும் நம்பினார், காகிதத்தையும் நம்பினார்.

புதன்கிழமை பயிற்சிக்கு முன்னால் மறுபடி அந்த இடது காலுக்கு டேப் சுற்றினேன். சுற்றாவிட்டால் டாக்டர் கேட்பார். "டேப், எனக்கு இந்தக் கால்ல என்ன?" என்று கேட்டான் கோரி. விளையாட்டுக்குக் கேட்கிறான் என்று நினைத்தேன். அவன் முகத்தில் விளையாட்டு இல்லை. ஒன்றுமில்லை, போ என்று முதுகில் தட்டி அனுப்பினேன்.

பெரிய மோதல் எதுவும் இல்லை. பந்துக்குப் போனபோது ஓவனின் தோள் லேசாக உரசியது. கோரி நாலு எட்டு நடந்தான். புல்லில் உட்கார்ந்தான். வழக்கம்போல நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். ஒரு கண்ணின் பாவை பெரிதாகியிருந்தது.

"டேப், முதல் பாகம் முடிஞ்சிருச்சா?" என்று கேட்டான்.

முடிந்துவிட்டது என்று சொன்னேன். அது உண்மைதான். அவனிடம் நான் சொன்ன கடைசி வார்த்தை உண்மையாக இருந்தது என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை விடிந்ததும் போய்விட்டான். மண்டைக்குள் புது ரத்தத்துக்கு அடியில் பழைய ரத்தம் இருந்தது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். மார்லீனுக்கு அதெல்லாம் விளங்கவில்லை. நர்ஸ் டேப்பை வெட்டி எடுத்தபோது அவள் பக்கத்தில் நின்றிருக்கிறாள். வீக்கமில்லை, நிறம் மாறவில்லை, குழந்தையின் கால் மாதிரி இருந்ததாம். எந்தக் காலில் அடி என்று கேட்டாளாம். அவள் கேட்ட அந்தக் கேள்விதான் உங்களை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது. வேறு யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஆம், அம்மா. தலையில் அடிபட்டது எனக்குத் தெரியும். சனிக்கிழமை தெரியும், ஞாயிறு தெரியும், திங்கள் தெரியும், புதன் தெரியும். கொன்றேன் என்று எழுத வேண்டுமென்றால் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அது பெரிய வார்த்தை. நான் டேப் சுற்றினேன், அவ்வளவுதான். ஓவன்தான் பாவம், தன் தோள்தான் காரணம் என்று நினைத்து இன்னும் அழுகிறான். நான் அவனைத் திருத்தவில்லை. அழுதாலும் ஆட்டம் கெடவில்லை.

சாவு வீட்டுக்குப் போனேன். மார்லீன் எனக்கும் ஒரு பேஸ்ட்டி வைத்தாள். கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கதானே அவன்கிட்ட மொதல்ல ஓடுவீங்க என்றாள். இனி எந்தப் பிள்ளைக்கும் இப்படி நடக்க விடமாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். மனதாரக் கொடுத்தேன். பேஸ்ட்டி நன்றாயிருக்கிறது என்றும் சொன்னேன்.

சனிக்கிழமை பையன்கள் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு ஆடினார்கள், ஜெயித்தார்கள். வருகிற சனிக்கிழமை இறுதி ஆட்டம். அதற்குள் என்னை விட்டுவிடுவீர்கள் என்று நினைக்கிறேன். சுற்றுவதற்கு வேறு ஆளில்லை.

நீங்கள் டிவியில் பார்த்திருப்பீர்கள், கேட்டாலும் கேட்பீர்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். போன சனிக்கிழமை ஆட்டத்தில், மூன்றாம் பாகத்தில் ஓவன் விழுந்தான். நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். டாக்டர் ரேடியோவில் கேட்டார், சொன்னேன். அவனைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வலது கணுக்கால்.