தோளில் இரண்டு தட்டு

விமானங்களைப் படம் பிடிக்கப் போகிறவனுக்கு முதலில் வேண்டியது நல்ல தொப்பி. கேமரா என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கேமரா யாரிடம் இல்லை சார்? திறந்த மைதானத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றால் பிடரி வெந்துவிடும். விளிம்பு அகலமாக இருக்க வேண்டும், ஆனால் கேமராவில் இடிக்கவும் கூடாது. அப்படி ஒரு தொப்பிக்காகக் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறேன். கிடைத்தபோது இரண்டாக வாங்கினேன். ஒன்று எனக்கு, ஒன்று என் மாப்பிள்ளைக்கு. மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். அவர் எப்படிச் செத்தார் என்று சொல்லத்தான் நானாக இந்த ஸ்டேஷனுக்கு நடந்து வந்து உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள். உங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். நான் சொன்னதை நம்பினீர்கள். என்னைப் பார்த்தால் யாரும் நம்பத்தான் செய்வார்கள். எனக்குப் பொய்ப்பல் கட்டுகிற தொழில். பக்கத்துப் பல்லின் மஞ்சள், தேய்மானம், ஓரத்தில் இருக்கும் சின்ன விரிசல் வரைக்கும் பார்த்து, கட்டின பல் எது, முளைத்த பல் எது என்று கட்டிக்கொண்டவனுக்கே தெரியாதபடி செய்துவிடுவேன். அது பிழைப்பு. விடுமுறை நாளில் எனக்குப் பொய் ஆகாது.

பழைய விமானங்களுக்கு மூக்கில் விசிறி இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதைப் படம் எடுப்பதில்தான் ஆளின் யோக்கியதை தெரியும். ஷட்டரை வேகமாக வைத்துச் சுட்டால் எல்லாம் துல்லியமாக விழும், விசிறியும் அப்படியே நின்றுவிடும். பறக்கிற விமானத்தை யாரோ நூலில் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். எங்கள் கூட்டத்தில் அதற்குச் செத்த படம் என்று பெயர். ஷட்டரை மெதுவாக வைத்து, மூச்சை அடக்கி, விமானம் போகிற வேகத்துக்கே இடுப்பைத் திருப்பிக்கொண்டு போனால், நூற்றில் ஒரு படத்தில் விசிறி முழு வட்டமாக விழும். மற்றதெல்லாம் குப்பை. அந்த ஒன்றுக்காகத்தான் அத்தனை வெயிலும்.

இது புரியாத கூட்டம் இருக்கிறதே, அதைப் பற்றிப் பேசினால் இன்றைக்கு முடியாது. கைப்பேசியைத் தலைக்கு மேல் தூக்கி அடுத்தவன் படத்தை மறைக்கிறவன். விமானத்துக்கு முதுகைக் காட்டித் தன் மூஞ்சியையே எடுத்துக்கொள்கிறவன். எண்பது வயது இறக்கையில் குழந்தையை ஏற்றி உட்கார வைக்கிற தகப்பன். இவர்களையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போனவன் நான். யாரையும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மாப்பிள்ளை கல்யாணப் படம் எடுக்கிறவர். எடுத்த படத்தில் மணமகனின் வழுக்கையில் முடி வைப்பார், மணமகளின் பருவை எடுப்பார். என் தங்கைதான் கெஞ்சினாள். “அண்ணா, லீவு நாள்ல வீட்ல இருந்தா என் உயிர வாங்கறாரு. உன்கூடக் கூட்டிட்டுப் போயேன்.” கூட்டிக்கொண்டு போனேன். எந்த மைதானத்தில் எந்தப் பக்கம் வெளிச்சம் விழும், எந்த அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பிரதிபலிப்பு படுத்தும், எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். மனிதர் கலகலப்பானவர். போன இடத்தில் எல்லாம் நாலு பேர் சேர்ந்துவிடுவார்கள். காவல்காரரிலிருந்து விமானி வரைக்கும் தோளில் கை போட்டுப் பேசுவார். வருடக்கணக்காகப் போய்வந்த எனக்கு அங்கே ஒருவரும் வணக்கம் சொன்னதில்லை.

தோளில் தட்டுகிற முறையையும் நான்தான் அவருக்குப் பழக்கினேன். இதைக் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள். விமானம் பெரியது. அது படத்துக்குள் அடங்க வேண்டுமென்றால் பின்னால் போய்க்கொண்டே இருக்க வேண்டும். கண் கேமராவில் இருக்கும், இஞ்சின் சத்தத்தில் கத்தினாலும் காதில் விழாது. அதனால் ஒருவர் எடுக்கும்போது இன்னொருவர் அவருக்குக் கண்ணாக நிற்க வேண்டும். தோளில் இரண்டு தட்டு தட்டினால், பின்னால் இடம் இருக்கிறது, வா. சட்டையைக் கொத்தாகப் பிடித்தால், நில். கேட்க நேரம் கிடையாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது. பள்ளம், கம்பி, வண்டி, எத்தனையோ இடங்களில் அவர் என் சட்டையையும் நான் அவர் சட்டையையும் பிடித்திருக்கிறோம்.

இனி மஞ்சள் மூக்கின் கதை. பழைய போர் விமானம் அது. அந்த ரகத்தில் பறக்கிற நிலையில் மிஞ்சியது அது ஒன்றுதான். அருங்காட்சியகத்துக்காரர்கள் அதைக் கடைசியாக ஒருமுறை பறக்கவிட்டு, பிறகு கூடத்தின் கூரையில் கம்பி கட்டித் தொங்கவிடப் போவதாக அறிவித்தார்கள். அந்தக் கடைசிப் பறத்தலின் நல்ல படம் ஒன்றைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கி வாசலில் வைப்பதாகவும், எடுத்தவர் பெயரை அடியில் போடுவதாகவும் சொன்னார்கள்.

எனக்கு என்று இந்த உலகத்தில் என்ன இருக்கிறது சார்? கல்யாணம் இல்லை. நான் கட்டின பற்கள் ஊரெல்லாம் சிரிக்கின்றன, ஒன்றிலும் என் பெயர் இல்லை. அந்தச் சுவரில் என் பெயர் வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், வெறியாகவே ஆசைப்பட்டேன்.

எடுத்தும் விட்டேன். மேகம் விலகின நேரத்தில் மஞ்சள் மூக்கு தாழ்வாகத் திரும்பியது. விசிறி முழு வட்டம். வால் பக்கம் மட்டும் லேசாக மங்கல். மெதுவாக எடுத்தால் அப்படித்தான் வரும், அதுதான் அது நிஜம் என்பதற்கு அத்தாட்சி. மாப்பிள்ளை அந்த நேரத்தில் எங்கே இருந்தார் தெரியுமா? வண்டி நிறுத்துமிடத்தில், யாருடைய காரோ வழியை மறித்துவிட்டது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அவர் ஓடி வருவதற்குள் விமானம் இறங்கிவிட்டது. ஒரு படம்கூட எடுக்கவில்லை. “போனா போகுது மச்சான்” என்று சிரித்தார்.

பிறகு, சுவரில் அவர் படம் வந்தது.

கொட்டகையில் நின்றுகொண்டிருந்த மஞ்சள் மூக்கை எப்போதோ எடுத்து வைத்திருந்தார். கம்ப்யூட்டரில் அதைக் கத்தரித்து, வேறு எங்கோ எடுத்த வானத்தில் ஒட்டி, நின்றுபோன விசிறியைச் சுற்றவும் விட்டிருந்தார். சக்கரங்களை எடுத்துவிட்டார். விமானியின் தலையைக்கூட எங்கிருந்தோ கொண்டுவந்து வைத்திருந்தார். நான் சுவரின் முன்னால் நிற்கிறேன். பக்கத்தில் என் தங்கை பூரித்துப்போய் நிற்கிறாள். எல்லோரும் அவரைத் தலைமேல் தூக்கி வைத்து ஆடுகிறார்கள்.

தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். “பொய்யில்லையா மாப்பிள்ளை இது?”

“பாக்கறவங்களுக்கு என்ன மச்சான் தெரியும்? நல்லாருந்தா போதாதா? உங்க படமும் நல்லாத்தான் இருக்கு. குடுங்க, அந்த வால் பக்கத்த நான் கொஞ்சம் சரி பண்ணித் தரேன்.”

இதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. சுவரில் என் இடத்தைத் திருடினார், சரி. திருடிவிட்டு, என் படத்துக்கே வைத்தியம் பார்க்கிறேன் என்றார். கெட்ட மனதோடும் சொல்லவில்லை. பாசத்தோடு சொன்னார்.

அருங்காட்சியகத்து அதிகாரியிடம் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ரெண்டும் அதே விமானம்தானே சார். இதுல தெளிவா தெரியுது, ஜனங்களுக்குப் பிடிக்குது. விடுங்களேன்” என்றார். தங்கையிடம் சொன்னேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “அவருக்கு ஒரு நல்லது நடந்தா உனக்கு வயித்தெரிச்சலாண்ணா?” என்று கேட்டாள். நான் தூக்கி வளர்த்தவள். அதற்குப் பிறகு நான் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

மஞ்சள் மூக்கைக் கூரையில் ஏற்றுவதற்கு முன்பு தரையில் வைத்துக் கடைசியாக ஒருமுறை இஞ்சினை ஓட்டிக் காட்டினார்கள். ஜனங்கள் எல்லாம் கயிற்றுக்கு வெளியே. சுவர்ப் படத்துக்காரர் என்பதால் மாப்பிள்ளைக்கு மட்டும் கயிற்றுக்குள் போக அனுமதி. கூட ஒருவர் வரலாம் என்றார்கள். “வாங்க மச்சான், உங்கள விட்டுட்டுப் போவேனா?” என்று என் கழுத்தில் அவரே ஓர் அட்டையை மாட்டிவிட்டார். அதில் உதவியாளர் என்று போட்டிருந்தது. நான் அதைக் கழற்றவில்லை. நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு நின்றேன்.

மஞ்சள் மூக்குக்கு எதிரே ஒரு பெரிய சரக்கு விமானத்தையும் நிறுத்தி அதன் இஞ்சின்களையும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சத்தம் நெஞ்சுக்குள் அடித்தது. மாப்பிள்ளை முதலில் சரக்கு விமானத்தை எடுக்க ஆரம்பித்தார். அது படத்துக்குள் அடங்கவில்லை. ஒவ்வோர் அடியாகப் பின்னால், மஞ்சள் மூக்கின் சுற்றுகிற விசிறிப் பக்கமாக வந்தார். நான் அவர் பக்கத்திலேயே வந்தேன். கயிற்றுக்குள் இருந்த பாதுகாப்புக்காரர் மறுபக்கம் குனிந்து நுழையப் பார்த்த யாரையோ விரட்டப் போயிருந்தார். நம் ஜனங்களுக்குக் கயிறு கட்டினால் அதற்குள் நுழைந்தே ஆக வேண்டும்.

அன்று உங்களிடம், நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன். அது உண்மையில்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நான் அவரைத் தள்ளவில்லை. என் விரல்கூட அவரைத் தள்ளவில்லை, இதை நீங்கள் தெளிவாக எழுத வேண்டும். சட்டையைப் பிடிக்க வேண்டிய இடம் வந்தது. பிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்று வீட்டில் உட்கார்ந்து எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அதுவும் முழு உண்மை இல்லை.

அவர் அந்த இடத்தில் தானாகவே நின்றார். ஏதோ தோன்றியிருக்க வேண்டும். காற்று முதுகில் இழுத்திருக்கலாம். கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமல் என் தட்டுக்காகக் காத்தார். அவ்வளவு நம்பிக்கை. நான் அவர் தோளில் இரண்டு தட்டு தட்டினேன்.

பிறகு ஒதுங்கி நின்று என் கேமராவைத் தூக்கினேன்.

ஆஸ்பத்திரியில் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ கூட இருந்துமாண்ணா இப்படி?” என்று அழுதாள். சத்தத்தில் ஒன்றும் செய்ய முடியவில்லையம்மா என்றேன். தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். அடக்கம் முடியும்வரை எல்லா வேலையையும் நானே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தேன். அவளுக்கு இன்றுவரை தெரியாது. இங்கிருந்து நீங்கள் சொல்லித்தான் தெரியப்போகிறது. அது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

மனசாட்சி உறுத்தி வந்தேன் என்று நினைக்காதீர்கள். பேசாமல் இருந்திருப்பேன். நேற்றைய பத்திரிகையைப் பார்த்தீர்களா? அரைப் பக்கத்துக்கு அந்தச் சுவர்ப் படத்தைப் போட்டு, மஞ்சள் மூக்கின் கடைசிப் பறத்தலை அழியாமல் காத்த கலைஞர் என்று எழுதியிருக்கிறார்கள். காத்தாராம். கார் நிறுத்துமிடத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தவர் காத்தாராம். செத்துப்போய்விட்டால் பொய் மெய்யாகிவிடுமா? படித்த வேகத்தில் கையிலிருந்த பல் வார்ப்பு கீழே விழுந்து உடைந்தது. அப்போதுதான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

இதோ, என் கேமராவின் கார்டு. அன்றைக்கு எடுத்தது இதில் ஒரே ஒரு படம்தான். மஞ்சள் மூக்கு உயிரோடு இருந்த கடைசி நிமிடம் சார் அது. விசிறி முழு வட்டம், மூக்கிலிருந்து வால் வரை ஒரு மங்கல் கிடையாது. சுவரில் இருக்கிற பொய்யை இறக்கிவிட்டு இதை ஏற்றச் சொல்லுங்கள், அடியில் என் பெயர் வரட்டும், பிறகு என்னை எங்கே வேண்டுமானாலும் அனுப்புங்கள். வலது ஓரத்தில் மட்டும் மாப்பிள்ளையின் முதுகு விழுந்திருக்கிறது. ஒரு கம்ப்யூட்டர் கொடுத்தால் இங்கேயே உட்கார்ந்து எடுத்துவிடுகிறேன். அவர் அங்கே நின்றதே யாருக்கும் தெரியாது.