டப்பாவுக்கு எதிரான நோட்டீஸ்

இல்ல ஜிஜா, கண்டிக்கிறோம்னு மட்டும் அடிச்சா பத்தாது. வன்மையாகக் கண்டிக்கிறோம்னு அடி. வன்மை இல்லாத கண்டனத்த இந்த ஈசாக்கு ஆயுசில எழுதினதில்ல. ஒனக்க இந்தக் கம்ப்யூட்டர் டைப்பிங் கடை வாறதுக்கு முன்னாலேயே, அச்சு கோக்குற காலத்திலேயே நோட்டீஸு எழுதினவனாக்கும்.

எதுக்கு மக்கா சிரிக்கிய? கார்ட்டூனுக்கு எதிரா நோட்டீஸான்னா? ஆமா, கார்ட்டூனுக்கு எதிராத்தான். நீ இன்னும் பாக்கல்லியா? நான் மூணு பாகம் பாத்தாச்சு. நம்ம எல்லைத் தமிழர் சங்கத்துக்க செக்ரட்டரி விஜயதாஸ் போனக் கொண்டுவந்து மூஞ்சிக்கு முன்னால நீட்டினான். அண்ணே, மானம் போச்சு, நீங்க எழுதினாத்தான் தீப்பிடிக்கும்னான்.

ஒன்பதாம் சூரியன்னு ஒரு இங்கிலீசுப் படம், வரிசையா வந்திட்டுண்டும்லா, அதுதான். ராக்கெட்டு, துப்பாக்கி, ஒருத்தனும் சிரிக்கமாட்டான். மூத்திரம் முட்டினவன் போல மூஞ்சிய வச்சிட்டு லோகத்தக் காப்பாத்துவான். இப்ப அதையே தமாசாக்கி கார்ட்டூன் விட்டிருக்கானுவ. தமிழிலயும் உண்டு. வானத்தில குப்பை பெறக்குற ஒரு கப்பலு. அதுக்க கேப்டனுக்குத் தலைக்குப் பதிலா முள்ளுமுள்ளா சக்கப்பழம் போல ஒரு சாதனம்.

சும்மா சொல்லப்பிடாது, எனக்கும் சிரிப்பு வந்துது. கேப்டன் எதிரிக்க காலில விழப்போறான். அதுக்கு எதிரி, சரணடைய விண்ணப்பம் மூணு நகலு எங்கடேன்னு கேக்கான். வரைஞ்சவன் ஏதோ சர்க்கார் ஆபீசில கெடந்து அலைஞ்சவனாக்கும். பாட்டுதான் சகிக்கல்ல, தகர டின்ன ரோட்டில இழுத்தது போல. அரசியல் சுத்தமா இல்ல. கப்பலில அம்புட்டு தொழிலாளி கெடந்து சாவுகானுவ, ஒரு யூனியன் உண்டா? ஒரு கொடி உண்டா? நான் அந்தக் கப்பலில ஏறியிருந்தா மறுநாளே இஞ்சினு நிண்ணிருக்கும்.

காரியத்துக்கு வாறேன், இரி. கேப்டன் மெட்ராஸ் தமிழ் பேசுகான். வில்லன் மேடைத் தமிழ். டாக்டரு வாங்க போங்கன்னு கோயம்புத்தூர் தமிழ். கக்கூஸ் கழுவுறதுக்கு ஒரு மெஷினு, டப்பான்னு பேரு. அது வாயத் தொறந்தா நம்ம தமிழு. எலே, எனக்க பிரஷ எவம்லே எடுத்தான், இந்தா வாறேன், ஒனக்க காலு ஒடியும் கேட்டியான்னு. அச்சொட்டு பாறசாலைச் சந்தை.

இங்க கேரளாவில உள்ளவன் நம்மளப் பாண்டிங்கான். நாகர்கோவிலத் தாண்டினா அங்க உள்ள தமிழன் நம்மள மலையாளத்தான்ங்கான். ரெண்டு பேருக்கும் வேண்டாத தமிழுக்கு ஒருவழியா வேலை கெடச்சிருக்கு, வானத்துக் கக்கூசில.

கக்கூஸ் கழுவினா கொறச்சலான்னு நீ எனக்கிட்ட கேக்காண்டாம். அத மேடையேறி சொன்னவன் நான். வேலையில ஒரு கொறச்சலும் இல்ல. ஆளு சிரிக்கணும்னு தேடிப்பிடிச்சு அதுக்க வாயில நம்ம பேச்ச வச்சான் பாரு, அதாக்கும் காரியம்.

சாயக்கடையில என்னக் கண்டா டப்பா வருதுங்கானுவ. எலே, பஸ்ஸில தமிழ் போர்டு வேணும்னு டயருக்கு முன்னால படுத்தவனாக்கும் நான்னு சொன்னேன். அதையும் டப்பா சொன்னது போலயே இருக்குன்னு பின்னயும் சிரிக்கானுவ. என்ன செய்ய, குரலும் ஒண்ணுபோலயாக்கும் இருக்கு.

சரி, கோரிக்கைய வாசி. டப்பாவின் குரலை உடனே நீக்கு, சென்னைத் தமிழுக்கு மாற்று. ஓ, அது விஜயதாஸ் சொல்லித்தந்தது. ஒரு நோட்டீஸு போனா போதும், கம்பெனிக்காரன் பயந்துபோயி மாத்திருவானாம். வேற எவனோ கண்டிச்சதுக்கும் அங்கன மாத்தினானாம்.

அது மட்டும் கொஞ்சம் நிக்கட்டு.

ஒண்ணுமில்ல. குரல மாத்தினா, பேசின பயலுக்கு வேலை போவும்லா.

அவனத் தெரியுமான்னா? தெரியும். மெட்ராஸில டப்பிங்குக்குப் போறவன். வளந்தது இங்க அதியன்னூரிலயாக்கும். அங்கன போயி நாக்கத் தேச்சு வெளுப்பிச்சிட்டான். போன் செய்தா, நல்லா இருக்கீங்களாப்பா, சாப்டீங்களாப்பான்னு நியூசு வாசிக்கது போல கேப்பான். நம்பரு மாறிப்போச்சோன்னு எனக்குத் தோணும். பொறவு அதும் நிண்ணுபோச்சு.

அன்னைக்கு விஜயதாஸ் போன நீட்டினானா, எலே, இந்தா வாறேன்னு ஒரு சத்தம். அவன் நிண்ணு கொதிக்கான். நான் பின்ன ஒருக்க வைடேன்னேன். அது முடிஞ்சதும் பின்னயும் ஒருக்க. மூணு பாகமும் நான் இருந்து பாத்தது அதுக்காக்கும். கேப்டனுக்க சக்கத்தலையப் பாக்கவா?

ஆமா மக்கா, எனக்க மவன் டெனிலுதான். விஜயதாஸுக்குத் தெரியாது. தெரிஞ்சா சங்கத்தில எனக்க நாற்காலி போவும், போனாப் போட்டு.

நோட்டீஸு வேண்டாம்னு நான் எங்க சொன்னேன்? கண்டனம் கண்டனந்தான், அதில ஒரு எழுத்து தொடாத. கோரிக்கைய மட்டும் வெட்டிட்டு வேற அடி. டப்பாவின் குரலில் கை வைக்காதே. அடிச்சியா? அதுக்குக் கீழ, இன்னும் பெரிசா:

டப்பாவைக் கேப்டன் ஆக்கு!