விளக்கு எரியுது சார்

நார்மா: பெல்ட்டை இறுக்குடா டஸ்டின். தொட்டில்ல கிடக்குற மாதிரி கிடக்குறே.

டஸ்டின்: ராக்கி மலை மேல பறந்தா ப்ளேன் ஆடத்தானே செய்யும்? நீங்க ஏன் சுவத்துக் கைப்பிடியைப் பிடிச்சுத் தொங்குறீங்க? இருபத்தேழு வருஷமா ஏர்ஹோஸ்டஸ்னு வெளியில சொல்லிடாதீங்க. மானம் போயிடும்.

நார்மா: கால் உடைஞ்சு எட்டு மாசம் படுத்துக் கிடந்துட்டு இன்னிக்குத்தான் வேலைக்கு வந்திருக்கேன். அப்படித்தான் பிடிப்பேன். உனக்கென்ன வந்துச்சு?

டஸ்டின்: எனக்கொண்ணும் இல்ல தாயே. நல்லாப் பிடிங்க. கையோட பேர்த்துக்கிட்டு வந்துடாம… ஐயையோ, அங்க பாருங்க. முப்பத்தொண்ணாம் வரிசை எழுந்திரிச்சிடுச்சு.

நார்மா: சட்டையெல்லாம் பிரெட்சல் பிஸ்கட் தூளோட… வரட்டும், வரட்டும்.

டஸ்டின்: நேரா நாம இருக்கிற பின்கட்டுக்குத்தான் வர்றார். ஒவ்வொரு சீட்டா கும்பிட்டுக்கிட்டே…

நார்மா: மெதுவாப் பேசு, காதுல விழும்… சார், பெல்ட் போடச் சொல்லி விளக்கு எரியுது சார்.

பயணி: தெரியுதும்மா. டாய்லெட் போகணும். போகலாமா?

நார்மா: விளக்கு எரியுது சார்.

பயணி: அதான் தெரியுதுங்கறேனே! போகலாமா, கூடாதா?

டஸ்டின்: விளக்கு எரியுது சார்.

பயணி: என்ன ரெண்டு பேரும் கிளிப்பிள்ளை மாதிரி! டென்வர்ல ஏறினதுலேர்ந்து எரியுது. சியாட்டில் வர்ற வரைக்கும் எரியும். வருஷத்துக்கு நூறு தடவை பறக்கிறவன் நான். இந்தக் குலுக்கலுக்கெல்லாம்… ஆத்தாடி!

நார்மா: உட்காருங்க! அப்படியே தரையில உட்காருங்க சார்! தலையைக் குனிஞ்சுக்கோங்க!

டஸ்டின்: அடி பட்டுச்சா சார்?

பயணி: இல்ல… நான்… நான் சீட்டுக்கே போயிடறேன்.

டஸ்டின்: டாய்லெட்?

பயணி: வேணாம்ப்பா. இப்ப வரல.

டஸ்டின்: …நூறு தடவை பறக்கிறவர் தவழ்ந்து போற அழகைப் பாருங்க நார்மா.

நார்மா: சிரிக்காதடா. மண்டை உடைஞ்சிருந்தா தெரிஞ்சிருக்கும்.

டஸ்டின்: சரி, 'போகாதீங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சா என்ன?

நார்மா: போகாதீங்கன்னா, பேன்ட்டுலயே போயிட்டேன்னு கேஸ் போடுவான். போங்கன்னா, பல்லு போச்சுன்னு கேஸ் போடுவான். விளக்கு எரியுதுன்னு மட்டும் சொல்லிட்டா கம்பெனி தப்பிச்சுக்கும். முதல் நாள் பயிற்சியில தூங்கிட்டியா?

டஸ்டின்: கம்பெனி கெட்டிக்காரன்தான்.

நார்மா: ரொம்ப. என் கால் மேல காபி வண்டி விழுந்ததுக்கும் அதே பாட்டுதான். 'முன்கூட்டியே எச்சரித்தும் பணிப்பெண் அமரவில்லை'ன்னு அறிக்கை.

டஸ்டின்: …அந்த அறிக்கையை இன்னுமா மனசுல வெச்சிருக்கீங்க?

நார்மா: பின்ன, ஃப்ரேம் போட்டு மாட்டுவாங்களா? 'பெரிசா குலுங்கப் போகுது, உட்காருங்க'ன்னு கேப்டன் நாலு நிமிஷம் முன்னாடியே பின்கட்டுக்குப் போன் பண்ணினாராம். யாரோ எடுத்து 'சரி'ன்னாங்களாம். ஆண் குரலா பெண் குரலான்னுகூட அந்த மகராசனுக்கு ஞாபகம் இல்லையாம். பின்னாடி இருந்தது நாம ரெண்டு பேர்தான்.

டஸ்டின்: நான் டாய்லெட்டுல பேப்பர் மாத்திட்டிருந்தேன். அதான் எழுதியே கொடுத்துட்டேனே.

நார்மா: படிச்சேன். கையெழுத்து முத்து முத்தா இருந்துச்சு.

டஸ்டின்: நீங்கதான் ஆஸ்பத்திரியில 'எதுவும் ஞாபகமில்ல'ன்னுட்டீங்க. ஒருவேளை நீங்களே எடுத்துட்டு… வலியில மறந்து… வயசும்…

நார்மா: வயசும்? சொல்லு, சொல்லு. ஏன் முழுங்குறே?

டஸ்டின்: சும்மா சொன்னேன் தாயே. அடிச்சிடாதீங்க.

நார்மா: வியாழக்கிழமை விசாரணை. தப்புன்னு ஆயிட்டா வேலை காலி. தெரியுமில்ல?

டஸ்டின்: தெரியாம என்ன? என்னையும் வரச் சொல்லி லெட்டர் வந்திருக்கு, சாட்சி சொல்ல. நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. உங்களைப் பத்தி நல்லபடியா நாலு வார்த்தை சொல்லிடறேன்.

நார்மா: என்னன்னு?

டஸ்டின்: தங்கமான மனுஷி. காபி சிந்தாம ஊத்துவாங்க. காது மட்டும்தான் கொஞ்சம்…

நார்மா: அடப்பாவி!

டஸ்டின்: பார்த்தீங்களா, சிரிச்சிட்டீங்க! கைப்பிடியைக்கூட விட்டுட்டீங்க.

நார்மா: டஸ்டின்… என்கிட்ட வேற எதாவது சொல்லணுமா உனக்கு? இறங்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு.

டஸ்டின்: வேற என்ன… ஒண்ணும் இல்லையே.

நார்மா: சரி.

டஸ்டின்: என்னைக் கேட்டா, அந்தக் கேப்டனைத்தான் உதைக்கணும். மேகத்தைப் பார்த்தாலே போன் அடிக்கிற ஆளு. அன்னிக்கே மூணு தடவை 'உட்காருங்க, உட்காருங்க'ன்னு அலறினார். ஒரு தடவையாவது டம்ளர் தண்ணி தளும்புச்சா? நாலாவது தடவை அடிச்சா எவன் நம்புவான்?

நார்மா: எவன்?

டஸ்டின்: எவனும்… எவளும். பொதுவாச் சொன்னேன்.

நார்மா: ம்.

டஸ்டின்: …போன் அடிக்குது. உங்க பக்கத்துலதான் இருக்கு, எடுங்க.

நார்மா: நீயே எடு. அன்னிக்கும் நீதானே எடுத்தே.

டஸ்டின்: என்னிக்கு… நானா?

நார்மா: எடுடா, அடிச்சுக்கிட்டே இருக்கு.

டஸ்டின்: ஹலோ… சரி கேப்டன்… சரி. …இன்னும் பெரிசா குலுங்குமாம். கால் மணி நேரத்துக்கு நாம எழுந்திரிக்கவே கூடாதாம்.

நார்மா: பார்த்தியா, இதைச் சொல்றதுக்கு அஞ்சு செகண்டுகூட ஆகல.

டஸ்டின்: நீங்க… பார்த்துட்டீங்களா?

நார்மா: வண்டியோட நடுவழியிலதானே நின்னேன். போனை வெச்சிட்டு, என்னைப் பார்த்து கண்ணை உருட்டிச் சிரிச்சே. என்ன வேடிக்கைன்னு தெரியாம நானும் சிரிச்சேன்.

டஸ்டின்: ஆறே வரிசைதான் பாக்கி இருந்துச்சு நார்மா… காபி முடிச்சிட்டு உட்கார்ந்துக்கலாம்னு… இவ்வளவு நாளா நீங்க ஏன் வாயே திறக்கல?

நார்மா: நீ வேலைக்கு வந்து ஒரு மாசம்தான் ஆகியிருந்துச்சு. முதல் ஆறு மாசத்துல ஒரு புகார் வந்தாலும் பெட்டியைத் தூக்கிக் கையில கொடுத்துடுவான். தொழிற்சங்கம் எட்டிக்கூடப் பார்க்காது. நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன். நீ பூ அனுப்பின. ரெண்டு தடவை.

டஸ்டின்: பயந்துட்டேன்… சத்தியமா பயந்துட்டேன். வியாழக்கிழமை எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன். உங்க மேல ஒரு தப்பும் இல்லன்னு சொல்றேன். உங்க வேலைக்கு நான் பொறுப்பு.

நார்மா: அந்த லெட்டரை முழுசாப் படிச்சியா?

டஸ்டின்: முதல் ரெண்டு வரி… தேதி, நேரம்… ஏன்?

நார்மா: உன் ஆறு மாசம் முடிஞ்ச மறுநாளே, பார்த்ததையெல்லாம் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துட்டேன். நீயா சொல்றியான்னு கடைசியா ஒரு தடவை பார்க்கத்தான் இந்த ஃப்ளைட்டைக் கேட்டு மாத்தி வாங்கினேன். பயப்படாத, ஆறு மாசம் தாண்டிட்டதால சங்கத்து ஆள் உன் பக்கத்துல உட்கார்ந்து உனக்காகப் பேசுவார். வியாழக்கிழமை விசாரணை எனக்கில்ல ராசா, உனக்கு.