ஸ்ரிபனின் பெயரில் சுடுபவன்

உங்கள் பொலிஸ் அலுவலகக் கோப்பி கைப்பதற்குத் தூள் காரணமில்லை. கோப்பி வடிந்து முடிந்த பிறகும் இயந்திரத்தின் அடித்தட்டு சூடாகவே இருக்கிறது. அந்தச் சூட்டில் அது மெல்ல மெல்லக் கருகுகிறது. வடிந்தவுடன் ஒரு சுடுநீர்ப் போத்தலில் ஊற்றி வைத்துப் பாருங்கள், நாளைக்கே எனக்கு நன்றி சொல்வீர்கள். ஏதாவது ஒன்று பிழையாய்ப் போனால் உடனே பொருளைக் குறை சொல்வது மனிதர் வழக்கம். பாவம், பொருளுக்கு வாயில்லை.

நான் இன்று வந்திருப்பதும் வாயில்லாத ஒரு பொருளுக்காகத்தான். ஸ்கீவ நகரில் எங்கள் ஆயுத உரிமைச் சங்கத்தின் பறவைக் கம்பம் தேய்ந்து பழுதாகி விழுந்தது, அதன் கீழே அகப்பட்டுப் பாராளுமன்ற உறுப்பினர் ஸ்ரிபன் இறந்தார் என்று உங்கள் அறிக்கை சொல்கிறது. அதனால் ஜூன் மாதத்துப் பறவைச் சூட்டு விழாவையும் தடை செய்துவிட்டீர்கள். அந்தக் கம்பத்தைப் பராமரிப்பவன் நான். அது பழுதானதல்ல.

எனக்கு டேனிஷ் நன்றாக வரும். பால் தொழிற்சாலையில் இயந்திரம் திருத்துகிற வேலை, நாள் முழுக்க டேனிஷ்தான். ஆனால் இரும்பைப் பற்றி விரிவாகச் சொல்வதென்றால் தமிழில் சொன்னால்தான் எனக்குத் திருப்தி. அதனால்தான் மொழிபெயர்க்க மிரியம் பிள்ளையைக் கூப்பிடச் சொன்னேன். அவருடைய தகப்பனை எனக்குத் தெரியும், நல்ல மனிதர்.

முதலில் பறவையைப் பற்றிச் சொல்கிறேன். அது மரத்தால் செய்த பறவை. தலை, சிறகு, வால் எல்லாம் தனித்தனித் துண்டுகள். உயரமான கம்பத்தின் நுனியில் அதைப் பொருத்தி, கீழே தாங்கியில் வைத்த சங்கத்துத் துப்பாக்கியால் ஒவ்வொருவராகச் சுடுவார்கள். கடைசியாக நெஞ்சுத் துண்டை விழுத்துபவர் அந்த வருடத்து ராசா. கழுத்தில் வெள்ளிச் சங்கிலி போட்டு, பித்தளை வாத்தியங்களோடு ஊர்வலமாகக் கூட்டிப் போவார்கள். காலையில் வெண்ணெய் பூசிய பாணும் கசப்புச் சாராயமும் உண்டு. நான் ஒரு பெட்டி றோல்ஸ் கொண்டுபோவேன். மீன் றோல்ஸுக்காகவே நேரத்தோடு வருகிற டேனிஷ்காரர் இருக்கிறார்கள். விழாவன்று மழை பெய்யாத வருடம் எனக்கு நினைவில்லை. ஆனாலும் அதைவிடச் சந்தோசமான நாள் என் வருடத்தில் இல்லை.

இனி அரசியல்வாதிகள். எங்கள் பகுதியில் வேட்டைக்காரர்களும் துப்பாக்கி வைத்திருக்கிற விவசாயிகளும் நிறைய. அவர்களுடைய வாக்கு வேண்டுமென்றால் சங்கத்தில் கௌரவ உறுப்பினராக இருப்பது உதவும். ஒரு படம், ஒரு கைகுலுக்கல், அவ்வளவுதான். ஆனால் பாராளுமன்றத்தில் இருப்பவருக்கு மழையில் நின்று மரப்பறவை சுட நேரம் ஏது? அதற்குச் சங்கம் ஓர் அழகான வழி வைத்திருக்கிறது. ஒவ்வொரு கௌரவ உறுப்பினருக்கும் ஒரு பதிலாள். பதிலாள் சுட்டால் அது உறுப்பினர் சுட்டதாகவே கணக்கு. குண்டு பதிலாளின் விரலிலிருந்து போகலாம். சூடு மற்றவருடையது. இதை நீங்கள் நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்ரிபன் எங்கள் பெடியன். விபோர்க்கில் பிறந்து, பெந்தெகொஸ்தே சபையில் கிற்றார் வாசித்து வளர்ந்தவன். எங்கள் ஆட்களில் ஒருவன் பாராளுமன்றம் போய்விட்டான் என்று இந்துக்கள் வீட்டிலும் அன்று கேசரி கிண்டினார்கள். சங்கத்தில் சேரும்படி அவனுக்குக் கட்சிக்காரர் சொல்லியிருக்கிறார்கள். சேர்ந்துவிட்டான். ஆனால் பட்டாசு வெடித்தாலே கண்ணை மூடிக்கொள்கிற பிள்ளை. நாள் முழுக்க இயந்திரச் சத்தத்தில் நிற்பவன் நான் என்று என்னிடம் வந்தான்.

“மாமா, எனக்கு அந்தச் சத்தம் ஒத்துவராது. நீங்கள் எனக்காகச் சுடுவீங்களோ?”

“ஓம் தம்பி, நான் சுடுறன்,” என்றேன்.

என் மனைவி சுசீலாதேவிக்கு இது பிடிக்கவில்லை. ஊரில் சண்டைக் காலத்தைப் பார்த்தவள். வீட்டுக்குள் துவக்கு வந்தால் தான் வெளியே என்று அப்போதே சொல்லிவிட்டாள். சாதாரண உறுப்பினராவதற்குச் சொந்தத் துப்பாக்கி வேண்டும். ஆகவே எனக்குச் சங்கத்தில் இருந்த ஒரே வாசல் ஸ்ரிபனின் பெயர்தான். மற்ற அரசியல்வாதிகளுக்கெல்லாம் ஏற்கெனவே பதிலாட்கள் இருந்தார்கள்.

போன வருடம் நெஞ்சுத் துண்டை நான் விழுத்தினேன். ஸ்ரிபன் ராசாவானான். கொப்பன்ஹேகனிலிருந்து ஓடிவந்து சங்கிலியைப் போட்டுக்கொண்டு படத்துக்கு நின்றான். நான் பக்கத்தில் குடை பிடித்தேன். உள்ளூர்ப் பத்திரிகையில் குடை முழுதாகவும் நான் பாதியாகவும் வந்திருந்தோம்.

“சுடுறது நீங்கள், சங்கிலி அவனுக்கு. நல்ல சங்கம்,” என்றாள் சுசீலா.

“அதுதான் முறை.”

“முறையாம். குடையாவது முழுசாக வந்துதே, அது போதும்.”

அவளுக்குப் புரியவில்லை. அன்று ஊர்வலம் போகும்போது தலைவர் என் முதுகில் தட்டி, நீ இல்லாமல் இந்தச் சங்கம் இல்லை என்றார். பால் தொழிற்சாலையில் இத்தனை காலத்தில் யாரும் என் முதுகில் தட்டியதில்லை. இயந்திரம் ஓடினால் என்னை யாருக்கும் நினைவு வராது.

இந்தப் பனிக்காலத்தில் துப்பாக்கி வைத்திருப்போருக்கு மருத்துவப் பரிசோதனையைக் கட்டாயமாக்கும் யோசனை ஒன்று கிளம்பியது. உடனே பத்திரிகைகள் எந்தெந்த அரசியல்வாதி ஆயுதச் சங்கத்தில் இருக்கிறார் என்று தோண்டத் தொடங்கின. என் மகள் மேனுஜா சாப்பாட்டு மேசையில் போனைப் பார்த்துக்கொண்டே டேனிஷில் சொன்னாள், உங்கள் ஸ்ரிபனும் பட்டியலில் இருக்கிறார், இனிக் கட்சி அவரை அங்கே வைத்திருக்காது என்று. அவள் கெட்டிக்காரி. அடுத்த ஞாயிறே ஸ்ரிபன் கேக் பெட்டியோடு வீட்டுக்கு வந்தான்.

“மாமா, கோவிக்காதேங்கோ. நான் சங்கத்தில இருந்து விலகப்போறன். ஈஸ்டர் முடிஞ்ச பிறகு அறிவிக்கிறன்.”

“விலகினால் உன்ர பெயரை எடுத்துவிடுவினம்.”

“ஓம். அதுதானே எனக்கு வேணும்.” சிரித்தான். “உங்களுக்கும் நிம்மதி. இனி மழைக்க நிக்கத் தேவையில்லை.”

நல்ல பிள்ளை. எனக்கு உதவி செய்வதாகவே நினைத்தான். சுசீலா அவனுக்கு இரண்டாம் முறையும் இடியப்பம் வைத்தாள், அன்றைக்கு அவளுக்குத்தான் அதிக சந்தோசம்.

அந்தக் கிழமை கோயில் அன்னதானத்தில் தவராஜாவோடு இதைக் கதைத்தேன். தவராஜா என் பழைய சிநேகிதன், ஹோர்சன்ஸில் களஞ்சியமொன்றில் வேலை. எதையும் பகிடியாக்குகிற ஆள்.

“விலகினால் உன்ர கதை முடிஞ்சுது எண்டு சொல்லு,” என்றான்.

“முடிஞ்சுது.”

“செத்துப்போனால்?”

“செத்தால் பெயர் நிக்கும். கௌரவ உறுப்பினர் செத்தால் பெயரை எடுக்கிறதில்லை. பதிலாள் தன்ர காலம் முடியும்வரைக்கும் அவருக்காகச் சுடலாம். பழைய அமைச்சர் ஒருவருக்கு இப்பவும் ஒரு கால்நடை வைத்தியர் சுடுறார்.”

“அப்ப அந்தப் பெடியன் விலகிறதைவிடச் சாகிறது உனக்கு நல்லது,” என்று சொல்லி, தவராஜா என் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்துக் கடித்தான்.

இரண்டு பேரும் சிரித்தோம். தவராஜாவைக் கூப்பிட்டு விசாரிக்காதீர்கள். அவனுக்கு அது வெறும் பகிடி. ஆனால் ஒரு பொறிமுறை எப்படி வேலை செய்கிறது என்று யாராவது தெளிவாகச் சொல்லிவிட்டால், பிறகு என்னால் அதைப் பார்க்காமல் இருக்க முடியாது. என் இயல்பு அப்படி.

இப்போது கம்பம். இது கேட்க உங்களுக்கும் பிடிக்கும். கம்பத்தின் அடி கீல் போட்டது, அதனால் சும்மா இருக்கும் நாளில் அது புல்லில் படுத்துக் கிடக்கும். விழாவுக்கு முன்னே ஒரு கைச்சுற்றியால் கம்பியை இழுத்து நிமிர்த்துவோம். சுற்றியில் ஒரு பற்சில்லு, அதாவது பல் வைத்த சக்கரம், உண்டு. அதன் பற்களில் சின்ன இரும்பு நாக்கு ஒன்று ஒவ்வொன்றாக விழுந்து பிடித்துக்கொள்ளும். சைக்கிளை மிதிக்காமல் உருட்டும்போது பின்சில்லில் கேட்கிற டிக் டிக் சத்தம் தெரியும்தானே? அதே குடும்பம்தான். நாக்கு இருக்கும்வரை கையை விட்டாலும் கம்பம் அசையாது. எவ்வளவு பெரிய பாரத்தை எவ்வளவு சின்னப் பொருள் தாங்குகிறது என்று நான் ஒவ்வொரு முறையும் வியப்பேன். கம்பம் விழக்கூடிய தடத்தின் இரு பக்கமும் வெள்ளைக் கற்கள் வைத்திருக்கிறோம். அதற்குள்ளே யாரும் நிற்கக் கூடாது. கற்களுக்கு வெள்ளை அடித்ததும் நான்தான்.

ஸ்ரிபனுக்குத் தொலைபேசி எடுத்தேன். விலகுவதற்கு முன்பு ஒருமுறை பறவை மேலே போவதைப் பார்த்துவிட்டுப் போ தம்பி, ராசாவாக இருந்தும் நீ அதைப் பார்த்ததே இல்லை என்றேன். பெரிய வெள்ளிக்கு அடுத்த நாள், ஆராதனைப் பயிற்சிக்குப் போகும் வழியில் வந்தான். வெயில் நன்றாக இருந்தது. மைதானத்தில் எங்கள் இருவரையும் தவிர ஒருவரும் இல்லை. றோல்ஸ் சாப்பிட்டான். விரலை நக்கிக்கொண்டு, “மாமா, இதை நான் மிஸ் பண்ணுவன்,” என்றான்.

பறவையின் முகத்தைப் பார்க்கக் கற்களுக்கு நடுவே நின்றால்தான் நல்லது என்று சொன்னேன். போய் நின்றான். நான் சுற்றியைச் சுற்றிக்கொண்டே எல்லாவற்றையும் விளக்கினேன். அவன் நன்றாகக் கேட்கிறவன், அதை யாரும் மறுக்க முடியாது. பலர் தலையை ஆட்டுவார்கள், கண் போனில் இருக்கும். அவன் அப்படியல்ல. கம்பம் பாதி எழும்பியதும் அவனே கேட்டான்.

“மாமா, அந்த நாக்கைத் தூக்கினால் என்ன நடக்கும்?”

மிக நல்ல கேள்வி. வழக்கமாக நான் வாயால்தான் விளக்குவேன். அன்று தூக்கிக் காட்டினேன்.

மிரியம் பிள்ளை மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டார். பிள்ளை, அந்த வசனத்தை விட்டுவிடாதேங்கோ. முக்கியமான வசனம் அது. தண்ணி குடிச்சிட்டுச் சொல்லுங்கோ, அவசரமில்லை.

பிறகு நான் செய்ததில்தான் பிழை. நல்ல நாக்கைக் கழற்றிவிட்டு, முன்பு நான் மாற்றி எடுத்து வைத்திருந்த பழைய தேய்ந்த நாக்கைப் பொருத்தினேன். அதன் பிறகுதான் அம்புலன்ஸைக் கூப்பிட்டேன். விபத்து என்று எழுதுவார்கள், விடயம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். உங்கள் பரிசோதகர் அம்மா தேய்ந்த நாக்கைப் பார்த்து, தேய்ந்திருக்கிறது என்று எழுதினார். அவரில் ஒரு குறையும் இல்லை, சரியாகத்தான் எழுதினார். ஆனால் அதை வைத்து விழாவையே நிறுத்துவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. இயந்திரத்தின் ஒரு பகுதியை மாற்றும்போது அது வேறு எங்கே போய் இடிக்கும் என்று பார்க்க வேண்டும். நான் மற்றவர்களுக்குச் சொல்கிற பாடம்தான், நானே கவனிக்கவில்லை.

இதோ, இந்தத் துவாய்த் துணியில் சுற்றியிருப்பதுதான் நல்ல நாக்கு. கறிவேப்பிலைச் செடிச் சாடி சாயாமல் இருக்கச் சுசீலா இதை அடியில் முட்டுக் கொடுத்திருந்தாள். கழுவிக் கொண்டுவந்தேன். விளிம்பைத் தடவிப் பாருங்கள், புதிது போல இருக்கும். கம்பத்தில் ஒரு பிழையும் இல்லை என்று இனி நீங்கள் எழுதலாம்.

செத்த வீட்டிலும் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. சபை மண்டபத்துக்குக் கதிரை ஏற்றி இறக்கியது நான். வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி கொடுத்தது நான். அவனுடைய தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்கள் கடைசி நேரத்தில என்ர பிள்ளைக்குப் பக்கத்தில நிண்டீங்கள், அண்ணை,” என்று அழுதார். நானும் அழுதேன். அது நடிப்பில்லை. அவன் எனக்குப் பிள்ளை மாதிரி.

கொலை என்று நீங்கள் எழுதுவது எனக்குத் தெரிகிறது, தலைகீழாகப் பார்த்தாலும் எழுத்து வாசிப்பேன். அது சற்றுப் பெரிய சொல். அவசரத்தில் விலக இருந்த ஓர் உறுப்பினரைச் சங்கத்தில் நிறுத்தி வைத்தேன், அவ்வளவுதான். விலகியிருந்தால் அடுத்த தேர்தலோடு எல்லோரும் அவனை மறந்திருப்பார்கள். இப்போது வருடா வருடம் அவன் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்கள். இன்னும் ஒன்று. பதிலாளின் விரல் அசைந்தால் அது யாருடைய செயல் என்று முதலிலேயே சொன்னேன். நான் அவனுடைய பதிலாள். சங்க விதிப்படி பார்த்தால் அந்த நாக்கைத் தூக்கியவன் ஸ்ரிபன்தான். சட்டத்தரணி யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், சுவாரசியமான வாதம்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டுமென்று காட்டுங்கள், போடுகிறேன். எனக்கு ஒரே ஒரு கோரிக்கை. தடையை நீக்கினால் ஜூன் மாதத்து முதல் சனிக்கிழமை விழா நடக்கும். காலையில் என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பின்னேரம் திருப்பிக் கொண்டுவந்து விடுங்கள். பொலிஸ்காரர் இரண்டு பேர் பக்கத்தில் நிற்கட்டும், அவர்களுக்கும் றோல்ஸ் இருக்கும். வேறு யாரையாவது வைத்துச் சுடுவிப்பது அழகில்லை. ஸ்ரிபன் உயிரோடு இருந்திருந்தால் அவனே தொலைபேசி எடுத்து, மாமாவை விடுங்கோ என்று உங்களிடம் சொல்லியிருப்பான்.