பூட்டிய திடலுக்கு வெளியே ஓடியவர்

இரங்கல் கூட்டத்தின் தலைவர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் அலுவலக ஊழியர் சங்கத்தாரே, கடையநல்லூரில் கடையை அடைத்துவிட்டு வந்திருக்கும் நண்பர் சுலைமான் அவர்களே, கணவர் கோமதிநாயகத்தின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு இங்கே வந்திருக்கும் சகோதரி முத்துத்தாய் அவர்களே, சங்கரன்கோவில் பெருமக்களே! உங்கள் அனைவருக்கும் தலை வணங்குகிறேன். வணங்கிய தலையை நிமிர்த்தத்தான் எனக்குத் தைரியம் வரவில்லை.

நான் துரைப்பாண்டி, நம் விளையாட்டு மன்றத்தின் செயலாளர். மன்றத் திடலின் சாவி பதினோரு வருடமாக என் இடுப்பில்தான் தொங்குகிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எதைப் பேசினாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பேன்.

தட்டச்சர் கோமதிநாயகம் யார்? பந்தய வீரரா? இல்லை. பதக்கம் வாங்கியவரா? அதுவும் இல்லை. முப்பத்தெட்டு வயதில், அலுவலக மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கி நாற்காலியைத் தேடியவர். எழுபத்தொன்பதாம் வருட ஆடித்தபசுக்குக் கோயிலை நூற்றெட்டுச் சுற்று சுற்றுவதாக அம்மனுக்கு நேர்ந்துகொண்டார். ஆடிச்சுற்றை ஊரே நடந்து சுற்றும். இவர் சீக்கிரம் முடித்துவிட்டு வேலைக்குப் போகலாம் என்று ஓடினார்! மூன்றாம் நாள் முழங்கால் வீங்கிப் பத்து நாள் படுக்கை. அம்மனையே முந்தப் பார்த்தவர் என்று டீக்கடையில் கேலி பேசியவர்களில் நானும் ஒருவன்.

அந்தப் படுக்கையில்தான் தனக்குப் புத்தி வந்தது என்பார். எழுந்தபின் திடலுக்கு வந்து ஒரு சுற்று நடந்தார், அரைச் சுற்று ஓடினார். சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டை, இடது பையிலிருந்து வலது பைக்கு. வாரத்துக்கு ஒரு கொட்டைதான் கூட்டுவார். உடம்பு இன்னும் கேட்டாலும் இரண்டாவது கிடையாது. நாலாவது வாரம் குறைத்துவிடுவார். வாரத்தில் ஒரே ஒரு நாள் இருநூறு காலடி தூரம் பாய்ந்து ஓடி, மூச்சு அடங்கும்வரை நடந்து, மறுபடி பாய்வார். மறுநாள் பொடிநடை. வெள்ளிக்கிழமை ஓய்வு, யார் கூப்பிட்டாலும் வரமாட்டார். முதல் மைலுக்குப் பதினாலு நிமிடம் எடுத்தவர், மூன்று வருடத்தில் ஏழேகால் நிமிடத்துக்கு வந்தார். என் கைக்கடிகாரத்தில் நானே பார்த்துச் சொன்ன நேரம் அது.

துபாயிலிருந்து சர்க்கரை வியாதியோடு திரும்பி நம் ஊரில் குடியேறிய சுலைமான் அவரோடு சேர்ந்தார். வந்த அன்றே விழுந்தடித்து ஓடினார். கோமதிநாயகம் அவரைத் தடுத்து நிறுத்திச் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். "வே, பேசிக்கிட்டே ஓட முடியுதா? அதுதாம் ஒம்ம வேகம். மிச்சமெல்லாம் வீம்பு."

பிறகு வள்ளித்தாய் வந்தாள். பெண் காவலர் தேர்வுக்கு மனுப்போட்ட பிள்ளை, தேர்வில் ஓட வேண்டும். அவளுக்கும் ஒரு கொட்டையில்தான் ஆரம்பித்தார். ஆறு மாதத்தில் பத்துக் கொட்டை!

ஊர் பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா? குமரிப்பிள்ளை கால்சட்டை போட்டு ஆம்பிளைகளோடு ஓடுகிறாள் என்று மன்றத்துக்கு மொட்டைக் கடிதாசி வந்தது. ஒன்றல்ல, மூன்று. நான் என்ன செய்திருக்க வேண்டும்? கிழித்துப் போட்டிருக்க வேண்டும். செய்தேனா? கார்த்திகை மாதம் கோமதிநாயகத்தைக் கூப்பிட்டு, நீங்கள் எல்லாரும் ஓடுங்கள், அந்தப் பிள்ளை மட்டும் வேண்டாம், மன்றத்துக்குக் கெட்ட பேர் என்றேன். அவர் சத்தம் போடவில்லை.

"அவ வராத திடல்ல எனக்கு என்ன சோலி, அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாளிலிருந்து மூன்று பேரும் ராஜபாளையம் சாலையில் ஓடினார்கள். சாலையோரப் பர்லாங்குக் கல்லை எண்ணி, இரண்டு கல்லுக்கு ஒரு கொட்டை என்று கணக்கு வைத்துக்கொண்டார். நான் திடலைப் பூட்டியே வைத்திருந்தேன். மார்கழி பிறந்தது, பனி இறங்கியது, சாலையில் ஆள் தெரியவில்லை. அப்போதும் பூட்டியே வைத்திருந்தேன். அவர் வந்து இன்னொரு தடவை கேட்கட்டும் என்று காத்திருந்தேன். பாவி நான்! ஒரு கேள்விக்காகக் காத்திருந்தேன்.

இன்றோடு பதினெட்டு நாள். விடிகாலையில் லாரி வந்தது. வள்ளித்தாயை எப்போதும் மண் பக்கம் ஓடவிட்டு, தான் தார் பக்கம் ஓடுவார். அன்றும் அப்படித்தான் ஓடினார். லாரி ஓட்டியவர் மேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள். சாவி வைத்திருந்தவன் மேல் எந்தச் சட்டத்தில் வழக்குப் போடுவது? சொல்லுங்கள், யாராவது சொல்லுங்கள்.

அவர் வீட்டுக்குத் துட்டி கேட்கப் போனபோது சகோதரி முத்துத்தாய் என் கையில் ஒரு பொட்டலம் கொடுத்தார். கோமதிநாயகத்தின் கால்சட்டைப் பைகளில் இருந்த கொட்டைகள். வலது பையில் ஒன்பது, இடது பையில் ஐந்து. "இத வீட்டுல வச்சு நான் என்ன செய்ய? நீங்களே வச்சுக்கிடுங்க" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வள்ளித்தாய் அதற்குப் பிறகு ஓடவில்லை. பிள்ளை உயிரோடு இருந்தால் போதும், போலீஸ் வேலை வேண்டாம் என்கிறார் அவள் தாய். எந்த முகத்தோடு நான் மறுப்பேன்? சுலைமானும் கால் எழவில்லை என்கிறார். நாலரை வருடம் ஒவ்வொரு கொட்டையாகக் கூட்டியது ஒரே காலையில் ஒன்றுமில்லாமல் போய்விட்டது.

பெருமக்களே, அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லித்தான் இத்தகைய கூட்டத்தில் உட்கார வேண்டும். எனக்கு ஐம்பத்தாறு வயது. என்னால் என்ன சொல்ல முடியும்? இன்று காலை ஐந்து மணிக்குத் திடலைத் திறந்தேன். அந்த ஐந்து கொட்டையையும் இடது பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். இரண்டாவது திருப்பத்தில் நெஞ்சு அடைத்தது. மிச்சத்தை நடந்தேன். ஒரு சுற்று. அதற்குமேல் முடியாமல் மண்ணில் உட்கார்ந்து அழுதேன். யாரும் வரவில்லை.

இதோ, சாவியை மேடையில் வைத்துவிட்டேன். இனி அது வேண்டாம், பூட்டைக் கழற்றிக் கிணற்றில் போட்டாயிற்று.

கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் நிற்கும் வள்ளித்தாயி, உனக்குத் தேர்வுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. வா என்று கூப்பிட எனக்கு யோக்கியதை இல்லை. நாளைக் காலையும் நான் அங்கே இருப்பேன். அவருடைய கொட்டையில் இன்னும் நாலு மிச்சம் இருக்கிறது, அம்மா.