கேரட் நறுக்கும் சாயங்காலம்

நஃபோசத்: அண்ணே, முதல்ல அந்த ஆட்டை அந்தப் பக்கம் திருப்புங்க.

மிர்வாஹித்: எந்தப் பக்கம்? இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீங்க. மிச்ச இடம் பூரா அதோட வால்.

நஃபோசத்: ஆளுங்க போற லிஃப்ட்டுல யாராவது கிடாவை ஏத்துவாங்களா?

மிர்வாஹித்: ஏத்தல தங்கச்சி, இறக்குறேன். நாங்க பதினாலாவது மாடியில இருந்து மரியாதையா வந்துட்டிருந்தோம். ஒன்பதாவதுல கதவு திறந்தப்போ, ஆட்டைப் பாத்துட்டும் ஏறினது நீங்க.

நஃபோசத்: உங்களைத் தேடித்தான் கிளம்பினேன். நீங்களே வந்து நின்னீங்க, ஏறிட்டேன். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு...

மிர்வாஹித்: தெரியும்.

நஃபோசத்: என்ன தெரியும்?

மிர்வாஹித்: இந்தக் கட்டடத்து மேனேஜரா நீங்க என்னைத் தேடி வந்து என்னைக்கு நல்ல சேதி சொல்லியிருக்கீங்க? தண்ணி இன்னைக்கு மேல ஏறாதும்பீங்க. பால்கனியில கம்பளம் காயப்போடாதீங்கம்பீங்க. சுவத்துல விரிசல்னா, வெளிச்சம் அப்படி விழுதும்பீங்க.

நஃபோசத்: இது அது இல்ல. கேளுங்க... ஐயோ! இது ஏன் நின்னுடுச்சு?

மிர்வாஹித்: ...நின்னுடுச்சா?

நஃபோசத்: எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவுல நிக்குது. நீங்க ஏதாவது அழுத்தினீங்களா?

மிர்வாஹித்: ரெண்டு கையிலயும் கயிறு இருக்கு. மூக்கால அழுத்தினேனாக்கும்!

நஃபோசத்: ஆடு முட்டியிருக்கும்.

மிர்வாஹித்: பாவம், அது மேல பழியைப் போடாதீங்க. நாளைக்குக் காலையில கல்யாண ஓஷ் சோத்து அண்டாவுக்குள்ள போகப்போற ஜீவன். கடைசி நாள்ல கெட்ட பேர் எதுக்கு?

நஃபோசத்: அந்த மணி பட்டனை அழுத்துங்க. கீழ கன்ட்ரோல் ரூம்ல இன்னைக்கு யாரு?

மிர்வாஹித்: தோஹிர்... னு நினைக்கிறேன். எனக்கென்ன தெரியும்?

நஃபோசத்: ஹலோ! தோஹிர்! நான் மேனேஜர் பேசுறேன். லிஃப்ட்டு நின்னுடுச்சு.

தோஹிர்: தெரியும் மேடம். கேமராவுல பாத்துட்டுதான் இருக்கேன். அதாவது... ஏதோ கோளாறு. பாத்துட்டிருக்கோம்.

மிர்வாஹித்: தோஹிர் தம்பி... நான்தான், பதினாலாவது மாடி. நானும் உள்ள இருக்கேன். ஆடும் இருக்கு. புரியுதா? ஆடு.

தோஹிர்: புரியுது மச்சா... சார். நல்லாத் தெரியுது. அது எதையோ தின்னுது.

நஃபோசத்: ஐயோ, என் செடி! என் கையில இருக்கிற பெட்டிக்குள்ள தலையை விட்டுருச்சு! பிடிங்க அண்ணே, இழுங்க!

மிர்வாஹித்: டேய், விடு! விடுறா! ஒரு இலைதான், தங்கச்சி...

நஃபோசத்: ஒரு இலையா? பூவோட போச்சு! மூணு வருஷமா என் ஆபீஸ் ஜன்னல்ல வளர்த்த செடி.

மிர்வாஹித்: ஜன்னல்ல இருக்க வேண்டியதை எதுக்குப் பெட்டியில தூக்கிட்டு அலையறீங்க? இன்னும் என்ன இருக்கு அதுல? புதுப் பூட்டா?

நஃபோசத்: என் சாமான். உங்களுக்கு எதுக்கு அது? ஆமா, இந்த ஆடு பதினாலாவது மாடியில என்ன பண்ணிச்சு?

மிர்வாஹித்: தங்கியிருந்துச்சு. விருந்தாளி.

நஃபோசத்: அப்போ அந்த பால்கனி... பதிமூணாவது மாடிக்காரங்க வாரம் பூரா எனக்குப் போன் பண்ணாங்க. மேல குழந்தை ராத்திரியெல்லாம் அழுதுன்னாங்க. உங்க மகளுக்குக் கல்யாணமே நாளைக்குத்தானேன்னு நான் குழம்பிப்போயிட்டேன்!

மிர்வாஹித்: முற்றத்துல கட்டலாம்னா, "புல்தரை, விளம்பரத்துக்குப் படம் எடுக்கணும்"னு விரட்டினீங்க. வேற எங்க கட்டுவேன்? குளிர்சாதனப் பெட்டிக்குள்ளயா?

நஃபோசத்: தோஹிர்! என்னாச்சு?

தோஹிர்: பாத்துட்டிருக்கோம் மேடம்.

மிர்வாஹித்: தம்பி, கசாப்புக்காரர் பின்வாசல்ல நிக்கிறாரு. சாயங்கால அஸர் தொழுகை முடிஞ்சதும் பழைய தெருக்காரங்க எல்லாரும் நாளைக்கு ஓஷுக்குக் கேரட் நறுக்க வந்துருவாங்க. அதுக்குள்ள கிடா கீழ வரணும். அதனால... இப்பவே... லிஃப்ட்டை விட்டா நல்லது. நான் சொல்றேன்.

தோஹிர்: நீங்க சொன்னாலும் விடக்கூடாதுன்னு உத்தரவு சார்.

நஃபோசத்: யார் உத்தரவு?

தோஹிர்: லைன் சரியில்ல மேடம்...

நஃபோசத்: வெச்சுட்டான்! என்ன உளர்றான் இவன்? ஆமா, உங்களை முதல்ல என்னன்னு கூப்பிட்டான்?

மிர்வாஹித்: என்னன்னு கூப்பிட்டான்?

நஃபோசத்: மச்சான்னு வாயெடுத்தான்.

மிர்வாஹித்: சமர்கந்துப் பக்கத்துப் பையன். அவனுக்கு எல்லாரும் மச்சான்தான். போன்ல சிக்னல் இருக்கா உங்களுக்கு?

நஃபோசத்: இல்ல. உங்களுக்கு?

மிர்வாஹித்: இல்ல. இருந்தவரைக்கும் எங்க வீட்டுக்காரி அடிச்சிட்டே இருந்தா. போனைப் பிடிக்கவா, ஆட்டைப் பிடிக்கவா?

நஃபோசத்: சலோமத் அக்காவா? அவங்க போனை எடுக்கவே இல்லையா நீங்க? அப்போ உங்களுக்கு இன்னும்... அண்ணே, கீழ ஹால் விஷயம்...

மிர்வாஹித்: ஹாலைப் பத்திப் பேசாதீங்க! அதை எடுத்தாலே எனக்கு ரத்தம் கொதிக்குது.

நஃபோசத்: அதைத்தான் சொல்ல வந்தேன்...

மிர்வாஹித்: அதை நான் சொல்றேன், நீங்க கேளுங்க. எங்க தெருவுக்கு முதமுதல்ல நீங்கதான் வந்தீங்க. கையில இந்தக் கட்டடத்துப் படம், ஒரு குச்சி. கீழ கடை, நடுவுல ஆபீஸ், மேல வீடுன்னு காட்டுனீங்க. எங்க வீட்டுல உக்கார வெச்சோம். சலோமத் தந்தூர் அடுப்புல இருந்து சுடச்சுட ரொட்டி எடுத்துப் போட்டா. பிச்சு வாயில வெச்சீங்களா இல்லையா?

நஃபோசத்: வெச்சேன்.

மிர்வாஹித்: அந்த ரொட்டி வாயில இருக்கும்போதே சொன்னீங்க. "முற்றம் போகுதேன்னு கவலைப்படாதீங்க அண்ணே, கீழ்த்தளத்துல ஒரு ஹால் கட்டுறோம். கல்யாணமோ சாவோ, தெருவே உக்காந்து சாப்பிடலாம், அது உங்களுக்குத்தான்"னு.

நஃபோசத்: சொன்னேன். எனக்கு மேல இருக்கிறவங்க அப்போ அப்படித்தான் சொன்னாங்க. நானும் நம்பினேன்.

மிர்வாஹித்: நீங்க நம்புனீங்க, நான் உங்களை நம்புனேன், தெரு என்னை நம்புச்சு! வீட்டை இடிக்கக் குடுத்து யாரும் கையெழுத்துப் போட மாட்டோம்னு நின்னாங்க தங்கச்சி. நான்தான் வீடு வீடா ஏறி இறங்கினேன். "அந்தப் பொண்ணு நம்ம ரொட்டியைத் தின்னுட்டுச் சொல்லியிருக்கு, பொய் சொல்லாது"ன்னேன். நான் போட்டதும் எல்லாரும் போட்டாங்க. இப்போ ஹால் எங்க? கண்ணாடியில குண்டு குண்டா நாலு ஆம்பளைங்க படம் ஒட்டியிருக்கு. ஜிம்மாம்!

நஃபோசத்: மெஷின் இன்னும் வரல. திங்கக்கிழமைதான்...

மிர்வாஹித்: வந்தா என்ன, வராட்டி என்ன? தாஷ்கந்து பூரா சிதறிக் கிடக்கிறவங்களை நான் எப்படிக் கூப்பிட்டேன் தெரியுமா? "நம்ம தெரு இருந்த இடத்துக்கே வாங்க, என் வீடு இருந்த இடத்துலயே உக்காந்து கேரட் நறுக்கலாம், காலையில ஓஷ் சாப்பிடலாம்"னு. அவங்க வந்து பூட்டின கதவு முன்னாடி கத்தியும் கையுமா நின்னா, என் மூஞ்சியை எங்க வெச்சுக்குவேன்? சம்பந்தி வேற வர்றாரு.

நஃபோசத்: பூட்டின கதவா? அண்ணே, ஒரு நிமிஷம் நான் சொல்றதை...

மிர்வாஹித்: நேத்து நீங்க பூட்டுக்காரனோட ஹால் வாசல்ல நின்னதை நான் பாக்கலைன்னு நினைச்சீங்களா?

நஃபோசத்: நின்னேன். எதுக்குன்னு...

மிர்வாஹித்: எதுக்கு? பூட்டுக்காரனைக் கூட்டிட்டு வந்து பூவா பறிப்பாங்க?

நஃபோசத்: என்னைப் பேச விடுறீங்களா இல்லையா?

மிர்வாஹித்: பேசுனது போதும் தங்கச்சி. நீங்க பேசித்தானே எங்க தெருவே போச்சு. உப்பைத் தின்னுட்டு ஜிம்காரன் வாடகைக்கு வாக்கை வித்துட்டீங்க.

நஃபோசத்: இதுக்குப் பதில் இருக்கு. சொல்ல மாட்டேன். அந்த ரொட்டி நாலு வருஷமா என் தொண்டையிலதான் நிக்குது. உங்களைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு வெக்கமா இருக்கும். அதான் நேர்ல சொல்லணும்னு வந்தேன். போங்க, கீழ போய் நீங்களே பாத்துக்குங்க.

மிர்வாஹித்: கீழ போனாத்தானே பாக்க! அஞ்சு மணி ஆகப்போகுது! தோஹிர்! டேய் தோஹிர்!

தோஹிர்: சொல்லுங்க சார்.

மிர்வாஹித்: சார் மோருன்னு சொன்னே, அப்படியே... லிஃப்ட்டை விடுடா!

தோஹிர்: நீங்கதானே சார், "நானே கெஞ்சினாலும் விடாதே, நான் இளகின மனசுக்காரன்"னு...

மிர்வாஹித்: அது வேற! அது அவங்க மட்டும் உள்ள இருந்தா! ஆடு கீழ இருந்தா! நான் கீழ இருந்தா! நாங்க மூணு பேரும் தொங்கிட்டிருக்கிறது உன் கண்ணுக்குத் தெரியலையா?

தோஹிர்: உங்களைப் பாத்தேன்... ஆனா மேடமையும் பாத்தேனே. "அவங்க ஏறினதும் நிறுத்து"ன்னு சொன்னீங்க, நிறுத்திட்டேன்.

நஃபோசத்: ஓஹோ.

மிர்வாஹித்: தங்கச்சி, இது வந்து...

நஃபோசத்: நான் ஏறினதும் நிறுத்தணும். சரி. எதுக்கு?

மிர்வாஹித்: அவங்க உக்காரற வரைக்கும்தான். நம்ம ஆளுங்க கதவை எப்படியாவது திறந்து, கேரட்டைக் கொட்டி உக்காந்துட்டா போதும். கேரட் நறுக்க உக்காந்த கல்யாண வீட்டுக்காரங்களை இந்த ஊர்ல போலீஸ் கூட எழுப்ப மாட்டான். அதுவரைக்கும் நீங்க குறுக்க வராம இருக்கணும்னு...

நஃபோசத்: என்னைக் கூண்டுல போட்டீங்க.

மிர்வாஹித்: நானும்தானே கூண்டுல இருக்கேன்! தன் வினை தன்னைச் சுடும்பாங்க. என்னைக் கிடாவோட சேத்துச் சுடுது.

நஃபோசத்: தோஹிர் உங்களுக்கு என்ன வேணும்?

மிர்வாஹித்: சலோமத்தோட தம்பி. மூளையை மொத்தமா அக்காவுக்குக் குடுத்துட்டுப் பொறந்தவன்.

தோஹிர்: கேக்குது மச்சான்.

மிர்வாஹித்: கேக்கட்டும்! நல்லாக் கேக்கட்டும்! அங்க என்ன நடக்குது, அதையாவது சொல்லு. எல்லாரும் வந்துட்டாங்களா? வாசல்ல நிக்கிறாங்களா? சம்பந்தி என்ன சொல்றாரு?

தோஹிர்: வாசல்ல யாரும் இல்ல.

மிர்வாஹித்: யாரும் இல்லையா? திரும்பிப் போயிட்டாங்களா? அல்லா... போச்சு. என் பொண்ணு கல்யாணம் போச்சு.

தோஹிர்: இல்ல மச்சான், எல்லாரும் உள்ள இருக்காங்க. கம்பளம் விரிச்சு உக்காந்தாச்சு, கேரட் பாதி ஆயிடுச்சு. சம்பந்தி டீ ஆத்தி எல்லாருக்கும் குடுத்துட்டிருக்காரு. அப்புறம்... அக்கா இங்க என் பக்கத்துலயே வந்து நிக்கிறா.

மிர்வாஹித்: கதவை யாருடா உடைச்சது?

தோஹிர்: யாரும் உடைக்கல. அக்கா கேக்குறா... "காலையிலயே ஹால் சாவியைக் கொண்டுவந்து என் கையில குடுத்துட்டுப் போன பொண்ணை எதுக்குடா லிஃப்ட்டுல தொங்கவிட்டீங்க?"ன்னு. கையில கத்தி வெச்சிருக்கா மச்சான்.

மிர்வாஹித்: ...சாவியா? நீங்களா?

நஃபோசத்: உங்க போனை எடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.

மிர்வாஹித்: அப்போ அந்தப் பூட்டுக்காரன்?

நஃபோசத்: ஜிம்காரன் சாவி தர மாட்டேன்னான். அவன் பூட்டை அறுத்துட்டு வேற போட்டேன்.

மிர்வாஹித்: தங்கச்சி... நான் என்னென்னவோ பேசிட்டேன். என் வாயில மண்ணு விழ. ஆனா... மேல இருக்கிறவங்களுக்குத் தெரிஞ்சா உங்களைச் சும்மா விடுவாங்களா?

நஃபோசத்: மத்தியானமே தெரிஞ்சுபோச்சு அண்ணே. பெட்டியில பூட்டா இருக்குன்னு கேட்டீங்களே, பாருங்க... டீக் கோப்பை, வீட்டுச் செருப்பு, என் பையன் போட்டோ. செடியும் இருந்துச்சு, அதை உங்க விருந்தாளி தின்னுட்டான். சலோமத் அக்காவை எனக்கும் ஒரு கத்தி எடுத்து வைக்கச் சொல்லுங்க. ராத்திரி வரைக்கும் உக்காந்து நறுக்குறேன்... இனிமே இந்தக் கட்டடத்துல எனக்கு வேற வேலை இல்ல.